தொப்பியைக் கழற்றிய நீதிபதிகள்

'பாஸ்டன் தேநீர் விருந்து' என்று பள்ளிப் புத்தகத்தின் அமெரிக்கப் புரட்சிப் பாடத்தில் முதன்முதலாகப் படித்தபோது, என்ன பலகாரம் போட்டிருப்பார்கள் என்றுதான் யோசித்தேன். எங்கள் ஊரில் தேநீர் விருந்து என்றால் தாலுகா அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெறும் நாளில் நடப்பது. ஒரு லட்டு, ஒரு கை மிக்சர், ஆறிப்போன டீ. அப்படி ஒரு விருந்துக்குப் போனவர்கள் எதற்காகத் தேயிலையைத் தூக்கிக் கடலில் போட்டார்கள் என்று எழுந்து நின்று கேட்டேன். "தேயிலைக்கு வரியை ஏற்றினார்கள். கோபம் வந்தது. கொட்டினார்கள். இரண்டு மதிப்பெண். உட்கார்" என்றார் ஆசிரியர்.

அந்த இரண்டு மதிப்பெண் விடையை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன். பிறகு வேலை என்னை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஊரில் கொண்டுபோய் விட்டது. எழுத்தைப் பார்த்து 'வொர்செஸ்டர்' என்று நான் கேட்க, டிக்கெட் கொடுப்பவர் விழித்தார். 'வுஸ்டர்' என்றால்தான் அங்கே ஊர் புரியும். பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 40 மைல். பழைய ஆலைக் கட்டடங்கள் நிறைந்த, சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஊர். முதல் குளிர்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியின் பழங்கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஆசிரியர் சொன்ன விடையின் முதல் வாக்கியமே தவறு என்று தெரிந்தது. 1773-இல் தேயிலைக்கு வரி ஏறவில்லை. தேயிலை மலிவாகக் கிடைக்க வழி செய்தார்கள்.

மலிவாகக் கிடைத்ததற்காகவா, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஒரு நாடு அதனோடு சண்டைக்குப் போகும்?

இதற்குள் போவதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நமக்கும் பழைய அறிமுகம்தான். 1765 ஆகஸ்ட் 12 அன்று முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா மூன்றிலும் வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டனில் ஓர் எல்ம் மரத்தில் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி தொங்கியது. முத்திரைத் தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்டிருந்த அதிகாரி அவர். ஒரே வாரத்தில் உலகின் ஒரு மூலையில் வரி வாங்கும் உரிமை ஒரு வியாபாரக் கம்பெனியின் கைக்குப் போகிறது; இன்னொரு மூலையில் வரி கொடுக்க மாட்டோம் என்று பொம்மையைத் தூக்கில் போடுகிறார்கள். எட்டு வருடம் கழித்து இந்த இரண்டு கணக்கும் ஒரே துறைமுகத்தில் வந்து சேர்ந்தன.

திவானி கிடைத்ததும் கம்பெனிப் பங்குகள் லண்டனில் ஏறு ஏறென்று ஏறின. 1769-70-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. மாண்டவர்கள் ஒரு கோடி வரை இருக்கும் என்று மதிப்பிடுவோர் உண்டு. அந்தப் பஞ்சத்திலும் வரி வசூல் நிற்கவில்லை. ஆனால் செத்த உழவனிடம் எத்தனை நாள் வசூலிக்க முடியும்? படைச் செலவு, கம்பெனி ஊழியர்களின் சொந்தக் கொள்ளை, 1772-இல் லண்டன் வங்கிகளில் ஏற்பட்ட முடக்கம் எல்லாம் சேர்ந்து, கம்பெனி திவாலின் விளிம்புக்கு வந்தது. அதன் கிடங்குகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் ராத்தல் (பவுண்டு எடை) தேயிலை விற்காமல் கிடந்தது. (நம் ஊர்த் தேயிலை என்று நினைத்துவிட வேண்டாம். அத்தனையும் சீனத் தேயிலை. அஸ்ஸாமில் தோட்டம் போட இன்னும் அறுபது வருடம் இருந்தது.) அரசாங்கம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. கூடவே 1773 மே மாதம் தேயிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் கட்ட வேண்டிய தீர்வை தள்ளுபடி. இடைத்தரகர்கள் வேண்டாம், கம்பெனியே தன் முகவர்கள் மூலம் அமெரிக்காவில் நேராக விற்கலாம். அமெரிக்காவில் கட்ட வேண்டிய ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி மட்டும், 1767 முதல் இருந்தது இருந்தபடியே இருக்கும்.

அந்த 3 பென்ஸையும் எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். பிரதமர் நார்த் பிரபு எடுக்கவில்லை. வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பதற்கு அடையாளமாக அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அமெரிக்கக் குடியேற்றங்களின் முகவராக அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் எரிச்சலோடு ஒரு கடிதத்தில் எழுதினார்: ஓர் ஆள் வருடத்துக்குப் பத்து ராத்தல் தேயிலைகூடக் குடிக்க மாட்டான், ராத்தலுக்கு 3 பென்ஸ் மிச்சம் காட்டினால் அமெரிக்கனின் நாட்டுப்பற்றை விலைக்கு வாங்கிவிடலாம் என்று இந்த அமைச்சர்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வருடத்துக்கு இரண்டரை ஷில்லிங்.

மலிவு விலைதான் பொறி என்பது அங்கே பலருக்குப் புரிந்தது. ஒரு வாய் குடித்தால் வரியை ஒப்புக்கொண்டதாக ஆகும். அதோடு உள்ளூர் வணிகர்களின் பிழைப்பில் மண் விழும். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றுக் கொழுத்தவர்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஏராளம். புரட்சி வீரர்கள் பட்டியலில் கடத்தல் முதலாளிகளின் பெயர்களும் உண்டு என்பதை மறைத்து எழுதும் புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் கடத்தல்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் ஊரே திரண்டு வந்துவிடாது.

பிலடெல்பியாவில் ஜான் டிக்கின்சன் என்ற வழக்கறிஞர் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் எழுதியதைப் படித்தபோது நூலக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கம்பெனி ஆசியாவில் என்ன செய்தது என்று பாருங்கள், ஒரே வருடத்தில் 15 லட்சம் பேர் பசியால் இறந்ததாகச் சொல்கிறார்கள், நிலம் விளையாததால் இல்லை, கம்பெனியும் அதன் ஆட்களும் உணவை எல்லாம் வளைத்துப் போட்டு ஏழை வாங்க முடியாத விலைக்கு விற்றதால் என்கிறார். 1773 நவம்பரில், வங்காளத்துக்கு மறுகோடியில், பஞ்சத்தில் செத்தவர்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். நாளை நமக்கும் இதே கதிதான் என்பது அந்த எச்சரிக்கையின் பொருள். வங்காளத்தின் மீது இரக்கம் எவ்வளவு, தன் தோல் மீது பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதற்கு முந்திய பத்து வருடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போர் பிரிட்டனின் கடனை ஏறக்குறைய இரு மடங்காக்கியிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்த வேண்டும், அதற்கான செலவில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களே தரட்டும் என்று லண்டன் கேட்டது. அங்கே நான் கணக்குப்பிள்ளையாக இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். 1765-இல் முத்திரைச் சட்டம். பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு எல்லாவற்றிலும் முத்திரை. எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்கள் பையில் கை விடக் கூடாது என்றார்கள். பொம்மைகள் எரிந்தன, வீடுகள் நொறுங்கின, இறக்குமதி நின்றது. அமெரிக்கர்களின் பெருமை முன்பு எதில் இருந்தது என்று நாடாளுமன்றத்தில் பிராங்க்ளினிடம் கேட்டார்கள். பிரிட்டிஷ் நாகரிகங்களையும் சரக்குகளையும் அனுபவிப்பதில் என்றார். இப்போது எதில்? "புதிது செய்துகொள்ளும் வரை பழைய உடைகளையே திரும்ப அணிவதில்." 1766-இல் சட்டம் வாபஸ். மறு வருடமே கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம், தேயிலை மீது நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த வரிகள். பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து நூல் நூற்றார்கள். நம் கதர் இயக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ராட்டை அங்கே அரசியல் பேசியது. 1768-இல் பாஸ்டனுக்குள் படை வந்து இறங்கியது. 1770 மார்ச் 5 இரவு பனிக்கட்டி எறிந்த கூட்டத்தின் மீது படைவீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். சுட்டவர்களுக்காக வாதாடியவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். எட்டு வீரர்களில் ஆறு பேர் விடுதலை. அந்தக் காலம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த மனிதச் செயல் அதுதான். அதே மார்ச் 5 அன்று, கடலுக்கு அந்தப் பக்கம், தேயிலை வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம் என்று நார்த் பிரபு நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு செய்தி கடலைத் தாண்ட ஒன்றிரண்டு மாதம் ஆகும் காலம்.

இந்தப் பத்து வருடமும் பாஸ்டனில் இருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ராபர்ட் ட்வெல்வ்ஸ் ஹியூஸ். நீளமான பெயர், குள்ளமான ஆள். ஐந்தடி ஓர் அங்குலம். செருப்புத் தைப்பது தொழில், கடன் தீராத வாழ்க்கை. இளவயதில் பிரிட்டிஷ் படையில் சேரப் போய், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். காலணிக்குக் குதிகாலை உயர்த்தித் தைத்து, காலுறைக்குள் காகிதமும் கந்தலும் திணித்துக்கொண்டு மறுபடி போனார். பிடித்துவிட்டார்கள். தொழில் தெரிந்தவன் தன் தொழிலாலேயே ஏமாற்றப் பார்த்திருக்கிறான் என்று நினைக்கையில் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஒருமுறை பெரும் பணக்காரரான ஜான் ஹான்காக்கின் செருப்பைச் சரிசெய்து கொடுத்தார். புத்தாண்டு அன்று வீட்டுக்கு வா என்றார் ஹான்காக். போனார். நடுங்கிக்கொண்டு நின்றார். பேசுவதற்கு மனப்பாடம் செய்துகொண்டு போன வாசகத்தை ஒப்பித்தார், ஒரு வெள்ளிக்காசு வாங்கிக்கொண்டு வந்தார். எழுபது வருடம் கழித்து நினைவுகளைச் சொல்லும்போதும் அந்த நடுக்கத்தை அவர் மறக்கவில்லை.

அதே ஹியூஸ் 1773 டிசம்பர் 16 இரவு, கொல்லர் பட்டறையில் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கிரிபின் துறைக்கு நடந்தார். 'டார்ட்மவுத்' கப்பல் வந்து சேர்ந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். மறுநாள் கெடு முடிகிறது. சரக்கோடு திரும்பிப் போகக் கவர்னர் ஹட்சின்சன் அனுமதி தர மறுத்துவிட்டார். அவருடைய இரண்டு மகன்களும் தேயிலை முகவர்கள். பழைய தெற்குத் தேவாலயத்தில் சுமார் 5,000 பேர் காத்திருந்தார்கள். மறுப்புச் செய்தி வந்ததும் கூட்டம் துறைமுகத்துக்கு இறங்கியது.

மூன்று கப்பல்கள், 340 பெட்டிகள், சுமார் 92,000 ராத்தல். ஹியூஸுக்கு நன்றாகச் சீழ்க்கை அடிக்க வரும் என்பதால் அவரை ஒரு குழுவுக்கு மேற்பார்வையாளராக ஆக்கினார்கள். கப்பல் தலைவனிடம் போய் சரக்கறைச் சாவியும் பன்னிரண்டு மெழுகுவர்த்தியும் கேட்டு வாங்கி வந்தார். கப்பலுக்கும் கயிறுகளுக்கும் சேதம் செய்துவிடாதீர்கள் என்று மட்டும் அந்தத் தலைவன் கேட்டுக்கொண்டான். செய்யவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்குக்கூட பிறகு புதுப்பூட்டு கொடுத்தார்கள். கடல் வற்றிய நேரம் என்பதால் கொட்டிய தேயிலை வைக்கோல்போர் போலக் குவிந்து, அதை மறுபடி தள்ளிவிட வேண்டியிருந்தது. ஓர் ஆள் கோட்டுக்குள் தேயிலையைத் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தான். அவன் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தவர் ஹியூஸ். காலையில் தண்ணீரில் மிதந்த மிச்சத்தைப் படகில் போய்த் துடுப்பால் அடித்து மூழ்கடித்தார்கள்.

இதற்குத் தண்டனையாக 1774-இல் லண்டன் நான்கு சட்டங்களை அடுக்கியது. பாஸ்டன் துறைமுகத்தை மூடும் சட்டத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஜூன் 1 முதல் துறைமுகம் மூடியது, மற்றக் குடியேற்றங்களிலிருந்து அரிசியும் ஆடுகளும் வந்தன. அது உருக்கமான கதை. ஆனால் வுஸ்டர் பகுதி விவசாயிக்குத் துறைமுகம் மூடினால் என்ன, திறந்தால் என்ன? அவனைத் தொட்டது இன்னொரு சட்டம். மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம்.

அந்தப் பகுதியில் ஒவ்வோர் ஊருக்கும் ஊர்க்கூட்டம் உண்டு. சாலை போடுவது, பாதிரியாருக்குச் சம்பளம், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேதான் முடிவாகும். யாருடைய பன்றி யாருடைய தோட்டத்தில் புகுந்தது என்று பார்க்கக்கூட ஓர் ஆளை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சொத்துள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு என்பது உண்மைதான். ஆனாலும் நூறு வருடத்துக்கும் மேலாக அவர்களுக்கு ஆட்சி என்றால் அதுதான். புதிய சட்டத்தின்படி கவர்னர் அனுமதியில்லாமல் வருடத்துக்கு ஒரு கூட்டம்தான். மேல்சபையை இனி மன்னர் நியமிப்பார். நீதிபதிகளைக் கவர்னர் வைப்பார், எடுப்பார். ஜூரிகளை ஷெரிப் பொறுக்குவார். கடன் வழக்கில் ஒருவனுடைய நிலம் ஏலம் போகுமா என்பதை, அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் தீர்மானிப்பார். தேயிலையை விட்டுவிட்டு வேறு எதையாவது குடிக்கலாம். நிலத்தை விட்டுவிட்டு எங்கே போவது?

வுஸ்டர் ஊரில் ராஜ விசுவாசிகள் 52 பேர் கலகக்காரர்களைக் கண்டித்து ஓர் அறிக்கை எழுத, ஊர் எழுத்தர் கிளார்க் சாண்ட்லர் அதை ஊர்ப் பதிவேட்டில் ஏற்றியிருந்தார். ஆகஸ்ட் 24 அன்று ஊர்க்கூட்டம் அவரை எழுப்பி, எல்லார் கண்முன்னாலும் அந்த அறிக்கையை மையால் அடிக்க வைத்தது. பேனாவால் அடித்தது போதவில்லை. விரலை மைக்கூட்டில் தோய்த்துப் பக்கத்தின் மீது இழுக்கச் சொன்னார்கள். அந்த மைப்பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். படிக்க முடியாத வரிகள் மீது கிறுக்கலும் தீற்றலும். போரில் கைப்பற்றிய கொடிகளைவிட அது எனக்கு அதிகம் சொன்னது.

மூன்று நாள் கழித்து, மன்னர் மேல்சபைக்கு நியமித்திருந்த திமோதி பெயின் வீட்டு முன் கூட்டம். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அது போதாது, வெளியே வந்து எல்லாரும் கேட்க வாசியும், தொப்பியை எடுத்துவிட்டு வாசியும் என்றார்கள். வாசித்தார்.

செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை. மாவட்ட நீதிமன்றம் கூட வேண்டிய நாள். மக்கள்தொகை இரண்டாயிரம்கூட இல்லாத அந்த ஊருக்குள் விடியற்காலையிலேயே 37 ஊர்களின் குடிப்படை ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஊர்வாரியாக எண்ணி எழுதி வைத்திருக்கிறார்: 4,622 பேர். கவர்னராக வந்திருந்த தளபதி கேஜ் படை அனுப்புவார் என்று எதிர்பார்த்துத் தயாராக வந்தார்கள். படை வரவில்லை. நீதிமன்றக் கதவை அவர்கள் அடைத்துக்கொண்டார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளுமாக இரண்டு டஜன் பேர் டேனியல் ஹேவுட் என்பவரின் விடுதியில் காத்திருந்தார்கள். பகல் முழுவதும் பேச்சுவார்த்தை. எழுதிக் கொடுத்த மன்னிப்பு சரியில்லை, திருத்து என்று அனுப்பினார்கள். கடைசியில் மெயின் தெருவின் இருபுறமும் ஊர் ஊராக வரிசை கட்டி நின்றார்கள். விடுதியிலிருந்து நீதிமன்றம் வரை நீதிபதிகள் அந்த வரிசைகளின் நடுவே நடக்க வேண்டும். தொப்பி கையில். சில அடிக்கு ஒருமுறை நின்று, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி ராஜினாமாவைச் சொல்ல வேண்டும். முப்பது முறை சொன்னார்கள் என்கிறது அன்றைய குறிப்பு.

யாரும் யாரையும் அடிக்கவில்லை. அன்று மாலையோடு அந்த மாவட்டத்தில் மன்னரின் ஆட்சி முடிந்துபோனது. திரும்பவும் வரவில்லை. லெக்சிங்டனில் போரின் முதல் குண்டு வெடிக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. அக்டோபர் 4 அன்று வுஸ்டர் ஊர்க்கூட்டம், தன் பிரதிநிதியான திமோதி பிகலோ என்ற கொல்லரிடம், பழைய அரசமைப்பு கலைந்துவிட்டது, அதன் சாம்பலிலிருந்து புதியதை எழுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியது. சுதந்திரப் பிரகடனத்துக்கு 21 மாதம் முன்பு. இவ்வளவு நடந்தும் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. ரத்தம் சிந்தாத புரட்சிக்கு மதிப்பெண் இல்லை போலிருக்கிறது.

அந்தத் தொப்பி என்னை விடவில்லை. அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில் பெரிய மனிதர் எதிரே வந்தால் சின்ன மனிதர் தொப்பியைக் கழற்ற வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பண்ணையார் வாசலில் என் தாத்தா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா அதைச் சொல்லும்போது கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொன்னதே இல்லை. துண்டை மட்டும்தான் சொல்வார். வரலாற்று அறிஞர்கள் வரி விகிதங்களை வைத்து அமெரிக்கப் புரட்சியை விளக்கும்போது, எனக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வருகிறது. ஹான்காக் வீட்டில் நடுங்கிய ஹியூஸ், போர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு போர்க்கப்பலில் சேரப் போனார். எதிரே வந்த துணை அதிகாரி, என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்று என்றான். எந்த மனிதனுக்கும் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு கப்பல் தேடிப் போனார்.

கூட்டம் எப்போதும் வுஸ்டரில் நடந்துகொண்டதுபோல் நடந்துகொள்ளவில்லை. 1774 ஜனவரி 25 அன்று ஜான் மால்கம் என்ற சுங்க அதிகாரி பாஸ்டன் தெருவில் ஒரு சிறுவனைத் தடியை ஓங்கி மிரட்டினான். தடுத்த ஹியூஸை, என்னைப் போன்ற கனவானிடம் பேச நீ யார் என்று கேட்டு மண்டையில் அடித்தான். இரவில் கூட்டம் மால்கமை வீட்டிலிருந்து இழுத்து வந்து, உறைபனிக் குளிரில் சட்டையைக் கிழித்து, தார் பூசி, இறகு ஒட்டி, வண்டியில் ஏற்றி, மணிக்கணக்காக ஊரெல்லாம் அடித்துக்கொண்டு போனது. கட்டுப்போட்ட தலையோடு ஹியூஸ் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு அந்த வண்டிக்குப் பின்னால் ஓடினார், அவன் மீது போர்த்துவதற்காக. விடவில்லை. விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் புல்லரிப்பவர்கள் அந்த வண்டியையும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனே வேவு பார்த்தான், யார் வீட்டில் தேயிலை வாசம் வருகிறது என்று ஊர்க் குழுக்கள் விசாரித்தன. மன்னர் பக்கம் இருந்தவர்களில் பல்லாயிரம் பேர் கடைசியில் ஊரை விட்டே போனார்கள்.

போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கான்கார்டில் பதுக்கிய பீரங்கிகளையும் வெடிமருந்தையும் அழிக்க கேஜ் சுமார் 700 பேரை அனுப்பினார். விடியலில் லெக்சிங்டன் புல்வெளியில் யார் முதலில் சுட்டது என்று இன்றுவரை முடிவாகவில்லை. எட்டு உள்ளூர்க்காரர்கள் இறந்தார்கள். பாஸ்டனுக்குத் திரும்பும் வழியெங்கும் வேலிகளுக்கும் கற்சுவர்களுக்கும் பின்னாலிருந்து சுட்டார்கள். மாலைக்குள் படைத் தரப்பில் 73 பேர், மறுதரப்பில் 49 பேர் மாண்டிருந்தார்கள். கேஜ் அன்று இழந்தது வீரர்களை. நாட்டை அவர் முந்திய செப்டம்பரிலேயே இழந்திருந்தார்.

அன்று சண்டையிட்ட லீவை பிரெஸ்டன் என்பவரை, அவருடைய 91-ஆவது வயதில் ஓர் இளைஞர் பேட்டி கண்டார். முத்திரைச் சட்டம் உங்களை நசுக்கியதா? ஒரு முத்திரையைக்கூட நான் பார்த்ததில்லை. தேயிலை வரி? ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை, பையன்கள் எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டார்களே. சுதந்திரத்தைப் பற்றித் தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதியதைப் படித்திருப்பீர்கள்? கேள்விப்பட்டதே இல்லை, பைபிளும் பஞ்சாங்கமும்தான் படிப்போம். பிறகு எதற்குப் போனீர்கள்? "தம்பி, நாங்கள் எப்போதும் எங்களை நாங்களே ஆண்டுவந்தோம். இனியும் அப்படியே இருக்க நினைத்தோம். இருக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள்."

என் ஆசிரியரின் விடைக்குப் பதிலாக இதை எழுதலாம். ஆனால் இதிலும் 'நாங்கள்' என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தேயிலை கொண்டுவந்த அதே டார்ட்மவுத் கப்பலில் பிலிஸ் வீட்லியின் கவிதைப் புத்தகப் பிரதிகளும் வந்தன. ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டு, தன்னை ஏற்றி வந்த அடிமைக் கப்பலின் பெயரையே தன் பெயராகச் சுமந்தவர் அவர். சுதந்திர வேட்கையைக் கடவுள் ஒவ்வொரு மனித நெஞ்சிலும் வைத்திருக்கிறார் என்று மறு வருடம் ஒரு கடிதத்தில் எழுதினார். விடுதலைக்காகக் கத்துகிறவர்களின் சொல்லும் செயலும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று அதிலேயே கிண்டலும் செய்திருந்தார். பாஸ்டன் பத்திரிகைகளில் 'நம்மை அடிமையாக்கப் பார்க்கிறார்கள்' என்ற கட்டுரைக்குப் பக்கத்திலேயே அடிமை விற்பனை விளம்பரமும் இருக்கும்.

வுஸ்டரிலும் அடிமைகள் இருந்தார்கள். 1775 மார்ச் 24 அன்று பிரிஸ்டல், வுஸ்டர் மாவட்டங்களின் கறுப்பின மக்கள், எங்கள் விடுதலைக்கும் உதவுங்கள் என்று வுஸ்டர் குழுவுக்கே மனு எழுதினார்கள். நீதிபதிகளை நடக்க வைத்த அதே மக்களின் பிரதிநிதிகள் ஜூன் 14 அன்று கூடி, மனிதர் எவரையும் அடிமைப்படுத்துவதை வெறுக்கிறோம், வாய்ப்பு வந்தால் எங்கள் செல்வாக்கைப் பயன்படுத்துவோம் என்று தீர்மானம் போட்டார்கள். வாய்ப்பு வந்தால். அந்தத் தீர்மானத்தால் மறுநாள் காலையில் யாரும் விடுதலையாகவில்லை.

1781-இல் குவாக் வாக்கர் என்ற இளைஞர், தனக்கு வாக்களிக்கப்பட்ட விடுதலை கிடைக்காததால், நதானியேல் ஜென்னிசன் என்பவரின் பண்ணையிலிருந்து நடந்து வெளியேறினார். ஜென்னிசன் தேடிப் போய்ப் பிடித்து, அடித்து, அடைத்து வைத்தார். வாக்கர் வழக்குப் போட்டார். வழக்கு வந்தது 1774 செப்டம்பர் 6 அன்று பூட்டிக் கிடந்த அதே மாவட்ட நீதிமன்றத்தில். புது அரசமைப்பின் கீழ் அது மறுபடி திறந்திருந்தது. இவன் என் சொத்து, என் சொத்தை நான் அடித்தேன் என்றது ஜென்னிசன் தரப்பு. வாக்கர் சுதந்திர மனிதர் என்று ஜூரிகள் சொன்னார்கள். 50 பவுண்டு நஷ்ட ஈடு தரச் சொன்னார்கள்.

அந்த நீதிமன்றம் இருந்த மேடு மெயின் தெருவின் வடகோடியில் இருக்கிறது. மாலையில் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன்.